நான்கு வெற்றுச் சாக்குகள்

எஸ்பிரிட்டு சாண்டோ விரிகுடா அன்று
ஆறிப்போன தேநீரின் நிறத்தில் கிடந்தது.
இறால் படகுக்காரர் கியெம் எங்கள் சாமான்களை எண்ணினார்:
தண்ணீர் இருபத்து நான்கு லிட்டர், கூடாரம், அடுப்பு,
ஒட்டீலியாவின் அகலத் தொப்பி.
என் பொய்யை எண்ணவில்லை.

"இதுக்கு முன்னாடி அங்க தங்கியிருக்கீங்களா?"
"ரெண்டு தடவை," என்றேன்,
ஒட்டீலியாவின் காதில் விழும்படி.
அவர் தலையாட்டவில்லை.
எஞ்சினை முடுக்குமுன்
நான்கு வெற்று அரிசிச் சாக்குகளைச் சுருட்டி
என் மடியில் எறிந்தார்.
"எதுக்கு?"
"திரும்பக் கொண்டுவரணும். நாலும்."

தீவு என்பது அதற்குப் பெரிய சொல்.
டெக்சாஸுக்குக் கடல் கொடுத்த மணல்;
கொடுத்த கையை இன்னும் எடுக்கவில்லை.
விரிகுடாப் பக்கம் சிப்பியும் சேறும்.
இறங்கிய நிமிடமே
என் இடது செருப்பைச் சேறு விழுங்கிற்று.
அப்புறம் முள், அடும்பு, கொயோட்டியின் கால்தடம்,
அப்புறம் முள்.
விளக்கில்லை, குழாயில்லை,
'இங்கே' என்று சொல்ல ஒரு பலகையில்லை.
நிழல் வேண்டுமென்றால்
நாங்கள் கொண்டுபோனதுதான்.

தண்ணீர்க் கேன்களோடு கடல்புறத்துக்கு மூன்று நடை.
மூன்றாவதில் என் நிழல்
எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

முளை அடித்தேன்.
வாழைப்பழத்தில் ஊசி போல இறங்கின.
அதே சுகத்தில் வெளியே வந்தன.
ஒட்டீலியா வெங்காயம் நறுக்கியபடி பார்த்தாள்.
"போன தடவையும் இப்படித்தானா?"
"இப்படித்தான்."

அந்தியில் வெள்ளை நண்டுகள் வந்து
வெங்காயத் தோலை ஆளுக்கொன்றாய் எடுத்துப்போயின,
பந்தியில் எச்சில் இலை எடுப்பவர்கள் போல,
யார் முகத்தையும் பார்க்காமல்.

நள்ளிரவு தாண்டித் தென்காற்று நின்றது.
நின்றதை முதலில் தோல்தான் கேட்டது.
பிறகு வாடை.
வழியில் எங்கும் உட்காராமல் வந்த நவம்பர் வாடை.
ஒரு முளை போயிற்று. இன்னொன்று.
அதற்குமேல் எண்ணவில்லை.
கூடாரத் துணி எங்களை மாறி மாறி அறைந்தது.
அதனடியில், வாய் நிறைய மணலோடு, சொன்னேன்:
"நான் வந்ததே இல்லை, ஒட்டி."
"தெரியும். செருப்போடு இறங்கினாயே."
"அப்புறம் ஏன் என்னோடு வந்தாய்?"

பதிலில்லை.
இருட்டில் கையால் எதையோ துழாவினாள்.
"அந்தச் சாக்கு எங்கே?"

வாயை அவள் பிடிக்க நான் அள்ளினேன்.
நான் பிடிக்க அவள் அள்ளினாள்.
அவள் கை என்னைவிட வேகம்; அதை
பதினோரு வருடத்தில் கவனித்ததில்லை.
மூலைக்கொரு சாக்காய்க் கட்டிப் புதைத்தோம்.
மணலில் மணலைக் கட்டிப்போட்டால்
எப்படி நிற்கும்?
நின்றது.

விடிந்தபோது
எங்கள் நேற்றைய தடம் ஒன்றுகூட இல்லை.
அடுப்பின் ஓரத்தில் முழ நீளத்துக்கு
ஒரு மணல்மேடு பிறந்திருந்தது.
காப்பியில் அரைக் கரண்டி தீவு.
அவள் குடித்தாள். நானும் குடித்தேன்.

விரிகுடாவை வாடை
சோற்றுக் கஞ்சி போல வடித்திருந்தது.
கியெமின் படகு அரை மைல் தள்ளி,
வர வழியில்லாமல்.
முழங்கால் சேற்றில் நடந்தோம்.
தண்ணீர் தீர்ந்த கேன்கள் முதுகில் டமடமவென்றன.
பாதி வழியில் ஒட்டீலியா குனிந்தாள்:
என் செருப்பு.
உள்ளே குடியேறியிருந்த நண்டை இறக்கிவிட்டு,
ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

ஏற்றிவிடக் கியெம் கை கொடுக்கவில்லை.
முதலில் சாக்குகளை வாங்கினார்.
உதறினார். மடித்தார்.
நாலு, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.
அதன் பிறகுதான் கை.

இதுக்கு முன்னாடி தங்கியிருக்கீங்களா என்று
இப்போது கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.