நாற்பத்தொரு டிகிரி

மார்பர்க்கில் மழை.
குன்றின் மேல் நான்காம் மாடி,
ஆய்வகத்தின் புகைக்கூண்டுக்குள்
ஹென்ரிகேயின் எட்டு மாதம்
ஒரு குடுவையில், இருபது மில்லிலிட்டராக,
கலங்கிய தேன் நிறத்தில் கிடக்கிறது.

காற்றுப் பட்டால் புகையும்.
தொண்ணூறு டிகிரி தாண்டினால் கருகும்.
இதைத்தான்
காய்ச்சி வடிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை வடித்ததும் நான்தான்.
பதறாத காரியம் சிதறாது என்பார்கள்.
நான் பதறவில்லை.
கடைசிப் பேருந்து பதினொன்று ஐம்பதுக்கு என்று
ஒரே ஒருமுறை நினைத்தேன்,
எண்ணெய்த் தொட்டியின் குமிழை
ஒரு கோடு கூடத் திருப்பினேன்.
ஒரே துள்ளல்.
கழுத்துவரை பழுப்பு.

மறுநாள் ஹென்ரிகே பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை.
பழுப்புக் குடுவையில் பென்சிலால்
‘வல்லியின் சனிக்கிழமை’ என்று எழுதி
ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மிச்சமிருந்த பாதி இது.
மூட்டுகளை நானே துடைத்தேன்.
கிரீஸ் தடவி, பொருத்தி, மெல்லத் திருகினேன்
இரண்டு கண்ணாடி ஒன்றாகத் தெரியும்வரை.
பம்பு கனைத்தது, முணுமுணுத்தது,
பிறகு ஒரே சுருதியில் நின்றுகொண்டது.
அளவியில் எண் இறங்குகிறது:
ஒன்று, கால், அரைக்கால்.
மாகாணிக்கு இறங்க வேண்டியது
அரைக்காலிலேயே நிற்கிறது.

எங்கோ கசிவு.
முதலில் குளிர்பொறியைப் பார்த்தேன்.
திரவ நைட்ரஜனிலிருந்து அதை மெல்ல வெளியே எடுத்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில்.
நீலம் இருந்தால்
அது காற்றிலிருந்து திரண்டு இறங்கிய ஆக்சிஜன்;
அதன்பின் நின்று யோசிப்பதற்கில்லை, ஓட வேண்டும்.
நீலம் இல்லை.

மூன்றாவது மூட்டில் ஒரு முடி.
மயிரிழை என்று பேச்சுக்குச் சொல்வோமே,
அதேதான், அதே அளவில்,
கிரீஸுக்குள் நெளிந்து படுத்திருந்தது.
என்னுடையது. நரைத்தது.
ஆர்கானை எதிரே ஓடவிட்டு மூட்டைத் திறந்து
இடுக்கியால் எடுத்தேன்.
மாகாணி. அரைமா.
பம்புக்கு மூச்சு வந்தது, எனக்கும்.

இன்னும் சூடே காட்டவில்லை,
குடுவை கொதிக்கிறது.
விரல் வைத்தால் சில்லென்றிருக்கிறது.
உள்ளே தங்கியிருந்த கரைப்பான்
மேலே அழுத்த ஆளில்லை என்று தெரிந்ததும்
கிளம்பிவிட்டது, அவ்வளவுதான்.
இதை வைத்து வாழ்க்கைக்கு ஓர் உவமை சொல்லலாம்.
எனக்கு வெப்பமானியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொட்டி ஐம்பது. ஐம்பத்தைந்து.
அரை டிகிரிக்கு ஒருமுறை கையை எடுத்து
பையில் போட்டுக்கொள்கிறேன்.
கீழே கடைசிப் பேருந்து
வெளிச்சமாய் வளைந்து வளைந்து
ஆற்றை நோக்கி இறங்குகிறது. போகட்டும்.

அறுபத்திரண்டில்
குடுவையின் கழுத்தில் ஈர வளையம் ஒன்று
ஏறுகிறது, தயங்குகிறது, ஏறுகிறது.
வெப்பமானி நாற்பத்தொன்று.
உலர்பனிக்குள் உட்கார்ந்திருக்கும் குடுவையில்
முதல் துளி.
நிறமே இல்லை.
அது விழுந்ததை அல்ல,
விழுந்தபின் கண்ணாடி நடுங்கியதைத்தான் பார்த்தேன்.

பிறகு எண்ணினேன்.
ஏழு விநாடிக்கு ஒன்று.
நூற்றிப் பன்னிரண்டில் எண்ணிக்கை தவறியது,
தொண்ணூறிலிருந்து மறுபடி தொடங்கினேன்,
யாருக்குத் தெரியப்போகிறது.

இரண்டு மணிக்குக் கதவு.
மழை சொட்டும் சைக்கிள் தலைக்கவசத்தோடு ஹென்ரிகே.
தூக்கம் வரவில்லை என்றாள்.
ஆர்கானுக்கு அடியில் ஊசியால் ஒரு துளி எடுத்து
மெல்லிய காகிதத்தில் விட்டாள்.
வெள்ளைப் புகை, ஓரம் கருகி, சட்டென்று ஒரு சுடர்.
“இதுதான்,” என்றாள்,
காணாமல் போன பையனைக்
காவல் நிலையத்தில் அடையாளம் காட்டுபவள்போல.

ஆறு கிராமும் கொஞ்சமும்.
சீசாவின் கழுத்தை உருக்கி மூடினோம்.
ஒட்டுவதற்குச் சீட்டு எடுத்து, பென்சிலை நக்கி,
இன்று என்ன தேதி, என்ன கிழமை என்றாள்.

வெள்ளி போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.
இருவரும்
ஜன்னலோரம் பார்த்தோம்.