ஃபீல், ஃபீலே

ஞாயிறு காலை ஆறே காலுக்கு
மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால்
ரெட்டிச்சாவடிக்குள் ஒன்றிலிருந்து இருபது வந்துவிடும்.
தவளக்குப்பத்தில் இருபத்தொன்று.
அங்கேதான் சிக்கல்.
இருபத்தொன்றை அவர்கள்
ஒன்றும் இருபதும் என்கிறார்கள்,
சில்லறையை முதலில் நீட்டிவிட்டு
நோட்டைப் பிறகு தேடும் ஆள்மாதிரி.
கண்டக்டருக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தேன்.
முறைத்தார்.

வகுப்பு முதலியார்பேட்டையில்,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே.
பதினோரு பேரில் பத்துப் பேர்
நர்சிங் முடித்த பிள்ளைகள்.
மிச்சம் நான்:
சிப்காட்டில் பாய்லர் பார்க்கிறவன்,
முப்பத்தாறு வயது,
மனைவியிடம் போய்ச் சேர
அறுபது மார்க் எடுக்க வேண்டியவன்.

பெண்டாட்டியைப் பார்க்கப் பரீட்சையா
என்கிறார்கள் ஷிப்டில்.
ஆமாம்.
கேட்பதற்கு இருபத்தைந்து,
படிக்க இருபத்தைந்து,
எழுத, பேச, அதற்கும் அப்படியே.
காத்திருப்பதற்கு மார்க் இல்லை.

இன்றைக்கு அளவுச் சொற்கள்.
கொஞ்சத்துக்கு ஐன் பிஸ்ஷென்.
அதாவது சின்னக் கடி என்றார் ரெஜினா மிஸ்.
'ஒரு வாய்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.
போதும் என்பதற்கு கெனூக்.
நம் பக்கம் போதும் என்றால்
இன்னும் ஒரு கரண்டி விழும்.
அங்கே கெனூக் என்றால்
கரண்டி நின்றுவிடுமாம்.
போன புதிதில் ஒரு மாதம்
அரை வயிறோடு எழுந்திருக்கிறாள் ஜெசிந்தா.

ஐன் பார் என்றால் இரண்டு மூன்று.
ஐன் பார் என்றால் ஒரு ஜோடி.
காதுக்கு இரண்டும் ஒன்றே;
எழுதும்போது மட்டும்
ஜோடிக்குப் பெரிய எழுத்து.
கல்யாணமாகி நாங்கள் சேர்ந்திருந்தது
ஐன் பார் மாதம்.
சின்ன எழுத்து.

முதுநகர் மீன் சந்தையின் 'கூறு'க்கு
அங்கே என்ன சொல் என்று கேட்டேன்.
கை அள்ளியதைக் கண் அளந்து,
வாங்குகிறவள் முகத்தைப் பார்த்து
மேலே ஒரு சங்கரா வைப்பார்களே, அந்தக் கூறு.
மிஸ் ஏதோ ஒன்று சொன்னார்.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம், தெரியலண்ணா.

ஏழரைக்கு ஹால்ப் ஆஹ்ட். பாதி எட்டு.
நாம் போனதை எண்ணுகிறோம்,
அவர்கள் வரப்போவதை.
அங்கே ஏழரையே கிடையாதும்மா என்றேன்.
சனி பிடிக்காத ஊரா என்றாள் அம்மா.
இது புரியாத காலத்தில் ஒருநாள்
ஹால்ப் ஆஹ்ட்டுக்குக் கூப்பிடு என்று போட்டிருந்தாள்.
எட்டரை என்று நினைத்து
நம் மூன்றரையையும் கூட்டி
நள்ளிரவுக்குக் கூப்பிட்டேன்.
பதினொன்றிலிருந்து பார்த்துப் பார்த்து
போனைப் பிடித்தபடியே தூங்கியிருந்தாள்.

நிறைய என்பதற்கு ஃபீல்.
வகுப்பே சிரித்தது.
ஃபீல் பண்ணாதீங்கண்ணா என்றது ஒரு பிள்ளை.
எண்ண முடியாததற்கு ஃபீல்:
தண்ணீர், உப்பு, பணம்.
எண்ண முடிவதற்கு ஃபீலே:
மீன், மாடிப்படி, நாள்.
பணத்தை எண்ண முடியாதா மிஸ்?
நோட்டைத்தான் எண்ணலாம், பணத்தை எண்ண முடியாது.
ஏஜென்சி மேசையில்
எச்சில் தொட்டு நான் எண்ணியது
என்னவென்று தெரியவில்லை.

ராத்திரி சரியாகப் பதினொன்றுக்குக் கூப்பிட்டாள்.
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு,
ஃபீல் பண்றியா என்றாள்.
பதினாலு மாசம் ஆச்சு.
மாசத்துக்கு ஃபீலே போடணும்,
காலண்டர் இருக்கு, எண்ணிடலாம்.
மற்றதுக்கு
ஏ போடாமல் சொன்னேன்.

உச்சரிப்பு சரியில்லை என்றாள்.
திரும்பச் சொல்லு.
சொன்னேன்.
இன்னொரு தடவை.