பச்சை-மஞ்சள் கம்பி

வீட்டை விற்க ஒரு காகிதம் வேண்டும் என்றார் வக்கீல்.
இந்தச் சுவர்களுக்குள் ஓடுவது
யாரையும் கொல்லாது என்று
பதிவெண் உள்ள ஒருவர் கையெழுத்திட்டது.

பின்னறைச் சுவருக்குள் ஓட்டியது நான்.
சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்,
சட்டை ஃபாக்டரியை மூடிய வருஷம்.
நாலு மெஷினுக்கு நாலு பிளக்.
நூலகத்துப் புத்தகத்துக்கு மூன்று தடவை அபராதம் கட்டினேன்.
ரொட்டிப் பலகையில் வைத்துக் கம்பி உரித்துப் பழகினேன்:
சிவப்பில் உயிர்,
கறுப்பில் அது திரும்பிப் போகும் வழி,
பச்சை-மஞ்சள் மட்டும்
ஒருநாளும் வேலை வரக் கூடாதென்று
வேண்டிக்கொண்டு புதைக்கிற கம்பி.

"பொம்பளை இழுத்த கரண்ட்டா?"
வேலிக்கு அப்பால் லோகன் பெருமாள் சிரித்தான்.
அன்றிரவு மின்வெட்டு.
யார் இழுத்த கரண்ட்டும் இல்லை.

பதினாறு வருஷம்.
பள்ளிச் சீருடைகள், கல்யாணக் கோட்டுகள்,
ஒரு கால்பந்து அணிக்கே கால்சட்டை.
மழை பெய்தால் மட்டும்
படுக்கையில் விழித்துக் கிடந்து மூக்கை உறிஞ்சுவேன்,
கருகல் வாடை வருகிறதா என்று.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை வந்தார் ஸுங்கு,
காலணியை வாசலில் கழற்றிவிட்டு.
மஞ்சள் பெட்டியைப் பின்னறை பிளக்கில் செருகிப்
பொத்தானை அழுத்தினார்.
டக்.
ஃப்ரிட்ஜின் முனகல் நின்றது.
"இருபத்திரண்டு மில்லிசெகண்ட்."
நல்லதா கெட்டதா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

"யார் போட்டது?"
செத்துப்போன ஓர் எலக்ட்ரீஷியன் பெயரைத்
தயாராக வைத்திருந்தேன். இருந்தும்
"நான்" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியைத் திறந்து
ஒவ்வொரு திருகையும் முறுக்கிப் பார்த்தார்.
ஒன்றும் அசையவில்லை.
கம்பி முனைகளை மடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு,
"தையல்காரியா?"

பிறகு கூரைக்குள் ஏறினார், கீசரைப் பார்க்க.
கம்பெனி ஆட்கள் போட்டது.
முத்திரை குத்திய ரசீது இன்னும் அலமாரியில்.
வெகுநேரம் டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

பச்சை-மஞ்சளை வெட்டி
எதிலும் சேர்க்காமல்
சுருட்டி வைத்திருந்தார்கள்,
கல்யாண வீட்டில் மிஞ்சிய கயிறு மாதிரி.

ஒன்பது வருஷம் என் பிள்ளைகள்
அந்தத் தண்ணீரில் குளித்தார்கள்.
நான் மோந்ததெல்லாம் பின்னறைப் பக்கம்.

அவர் கட்டிக் கொடுத்தார். ஒரு ஸ்விட்சும் வைத்தார்.
திரும்பவும் அளந்தார்.
படிவத்தில் சோதித்தவர் பெயர், பதிவெண், தேதி.
பின்னறையைச் செய்தவர் பெயர் எழுத இடமில்லை.
பரவாயில்லை. பேனா மட்டும் என்னுடையது.

வேன் தெருமுனை திரும்பியதும்
வேலிக்கு அப்பால் லோகன். இன்று சிரிக்கவில்லை.
"எவ்வளவு வாங்கினான் அவன்?
எங்க கீசரும் அதே கம்பெனிதான்..."
வெந்நீர் ஓடும் சத்தம் அவன் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.
யாரோ பாடிக்கொண்டே குளிக்கிறார்கள்.

"போய் முதலில்
மெயினை அணை" என்றேன்.