ஒற்றைச் சில்லு

சீட்டுக் காசு கட்ட வழியில்லாத மரியநேசன்
ஒரு பின்னேரம் என் படலையடியில்
பதினாலு கிலோ சில்லொன்றை இறக்கிவைத்தான்.
"பற்றரியிலை ஓடும் அக்கா. தானே நிக்கும்.
காசுக்குப் பதிலா வைச்சிருங்கோ."

கையை எடுத்தான். சரிந்து விழுந்தது.
"முன்னுக்கும் பின்னுக்கும்தான் அது பாக்கும்.
இடமும் வலமும் உங்கடை பாடு."

விற்பதென்றால் ஓடிக்காட்ட வேண்டும்.
ஓடிக்காட்ட, முதலில் ஏற வேண்டும்.
பாமசிக் காசுமேசையில் பகல் முழுக்க இருந்து
இறுகிப்போன நாற்பத்துநாலு வயது இடுப்போடு
விடிய ஐந்தரைக்கு முற்றவெளி.

கெல்மெற், ஸ்கூட்டியினுடையது.
முழங்கால்களுக்குப் பழைய துவாய்.
மணிக்கட்டுக் காப்பு மட்டும் காசு கொடுத்து வாங்கியது:
விழும்போது முதலில் போவது கைதான்,
மண்ணிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

முதல் நாள் ஏழு தரம் விழுந்தேன்.
மேய்வதை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த மாடு
ஏழாவதோடு அலுத்து
மறுபக்கம் திரும்பிவிட்டது.

"காலைப் பாக்காதேங்கோ.
கோட்டை மூலையைப் பாருங்கோ."
பயந்தால் உடம்பு குனிகிறது;
குனிந்தால் அது இன்னும் விரைகிறது.
நிற்பதற்கு, பின்னால் கதிரை இருக்கிறதென்று நம்பி
இருக்கப்போக வேண்டும்.
இல்லாத கதிரையில் இருக்க
எனக்கு நாலு நாள் எடுத்தது.

என் இடது கையைப் பிடித்தபடி
செருப்பில்லாமல் கூடவே ஓடினான்,
எண்பத்தாறாயிரம் ரூபா எனக்குத் தரவேண்டியவன்.
நான் கை முறிந்து படுத்தால்
அவனுக்கு ஒரு மாதத் தவணையாவது கிடைக்கும்.
பிடியை விடவில்லை.
கடன்காரன்:
கொடுத்தவருக்கும் அந்தப் பேர்தான்,
வாங்கினவருக்கும் அந்தப் பேர்தான்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்கச் சொன்னான்:
"தன்ரை பலத்திலை கொஞ்சத்தை அது
உங்களைத் தாங்கவெண்டு ஒதுக்கி வைச்சிருக்கும் அக்கா.
அதையும் கேட்டுச் சாய்ஞ்சால்
முகம் குப்புறத்தான்."
அவன் நாடியில் நாலு தையல்.
சீட்டுக் காசுக்கு என்ன நடந்ததென்று
அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் "விடப்போறன்" என்றான்.
"வேண்டாம்" என்று நான் கத்தியது
பண்ணைப் பாலத்துக்குக் கேட்டிருக்கும்.
விட்டான்.

பிறகு பாலமேதான்.
இரண்டு பக்கமும் கடல், இடுப்பளவு தண்ணீரில்
வலை வீசுகிறவர்களின் முதுகுகள்,
காற்று கெல்மெற்றுக்குள் புகுந்து ஊதியது.
என் காலடியில் ஒரு சத்தமும் இல்லை.
இன்னும் கொஞ்சம், என்றது நெஞ்சு.
இன்னும் கொஞ்சம்.

பீப்.
மிதிபலகை என் கால்விரல்களை
மெல்ல மேலே தள்ளியது,
கலியாணப் பந்தியில் வாழையிலையை மறைக்கும் கைபோல:
போதும்.

இல்லாத கதிரையில் இருந்தேன்.
ஒரு கால், பிறகு மறு கால்.
றோட்டு நிண்டது; நானும்.

வேலணை பஸ்ஸை மறித்து ஏறினேன்.
கொண்டக்ரர் குனிந்து பார்த்தார்:
"உது பொதியோ, ஆளோ?"
நான் யோசிக்கிறதுக்குள்
அரை ரிக்கெற் கிழித்துவிட்டார்.

முழங்கால்களுக்கிடையில் சில்லு
இன்னும் இளஞ்சூடாய் இருக்கிறது.
பத்து மணிக்கு ஆனைக்கோட்டையிலிருந்து
விலை பேச ஒரு பெடியன் வருவான்.
எவ்வளவு வேகம் போகும் என்றுதான் முதலில் கேட்பான்.
பெட்டியில் அச்சடித்த கணக்கை
நான் சொல்லப்போவதில்லை.