இரண்டு நாள் லீவு

ஜெசிந்தா கேட்டிருக்கிறாள்:
"ரெண்டு நாள் லீவு. உங்க கானாடுகாத்தான்
பார்க்கிற மாதிரி இருக்குமா, இல்ல
பாண்டிச்சேரியே போதுமா?"

பதில் அடிக்கிறேன்.
மே மாசம், வேண்டாம்.
பத்து வீட்டில் எட்டு பூட்டு.
திறந்திருக்கும் ஒன்றில்
ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
முன்கட்டோடு நிறுத்திவிடுவார்கள்.
அங்கேயும் யாராவது ஒரு ஜோடி
கல்யாண ஆல்பத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்.
ஊர் ஊராய் எங்கள் பேர் போட்டு விற்கும் காரம்
இங்கே எந்த இலையிலும் கிடையாது.
அழிக்கிறேன்.

வா, என்று அடிக்கிறேன்.
ஒரு வீட்டின் பக்கச்சுவரோரம் நடந்தால்
போன் பேச்சு முடிந்துவிடும்,
சுவர் முடியாது.
மூன்று மணி வெயில்
பச்சைக் கண்ணாடி வழியே இறங்கி
தளத்தின் சிவப்புப் பூவைக் கறுப்பாக்கும்.
எந்தப் படத்திலும் அது விழுந்ததில்லை.
விளம்பரம் மாதிரி இருக்கிறது.
அதையும் அழிக்கிறேன்.

பதினோரு வருஷம்.
ஹாஸ்டலில் எங்களுக்கு ஒரே வாளி,
ஒரே இஸ்திரிப்பெட்டி.
ஊர் தேறுமா என்றுதான் கேட்கிறாள்.
நான் எதற்கு
இன்டர்வியூவுக்கு வந்தவள் போல
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்?

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
"பல்லவன் காரைக்குடி வர ராத்திரி ஆகும்.
நான் ஸ்டேஷனுக்கு வர்றேன்.
ஸ்கூட்டர்தான், பை சின்னதா எடுத்துக்கோ."

ரெண்டு டிக்கும் நீலமாகிவிட்டது.
பாண்டிச்சேரியில் கடல் இருக்கிறது.
அதை நான் சொல்லவேயில்லை.