ஒத்துப்போகும் வீதம்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டைல்ஸ் கடையின் மேல்மாடி.
பதினாறு கணினி, இரண்டு ஏசி,
அதில் ஒன்றுக்கு வேலை செய்கிற பழக்கம் இல்லை.

திரையில் ஒரு வாக்கியம் வரும்.
வெறுப்பு, வெறுப்பு இல்லை என்று
இரண்டு பொத்தான்.
மூன்றாவது, தெளிவில்லை;
அதை ஒரு நாளில் இருபது தரத்துக்கு மேல் அமத்தினால்
சம்பளத்தில் வெட்டு.

ஒரு வாக்கியத்துக்கு மூன்று ரூபாய்.
ஒரே வாக்கியம் இரண்டு பேருக்குப் போகும்.
இருவரும் ஒன்றையே சொன்னால்
அதுதான் உண்மை என்று மனப்பாடம் செய்ய
எங்கோ ஓர் இயந்திரம் இருக்கிறதாம்.

பாண்டிருப்பிலிருந்து வருகிற நான் பதினொன்று.
மருதமுனையிலிருந்து வருகிற ஹஸ்மியா பன்னிரண்டு.
இரண்டு ஊருக்கும் ஒரே பஸ்,
இறங்கும் தரிப்பிடம்தான் வேறு.

முதல் மாதம் எல்லாம் தெற்கிலிருந்து வந்தவை.
எனக்கு எறிந்ததை அவளும் அமத்தினாள்,
அவளுக்கு எறிந்ததை நானும் அமத்தினேன்.
தம்பி என்ற எங்கள் சொல்லைக் கொண்டுபோய்
'தம்பியா' என்று காறித் துப்பியிருந்தார்கள்.
வெறுப்பு. வெறுப்பு. வெறுப்பு.
ஒத்துப்போகும் வீதம்: தொண்ணூற்றேழு.
இரண்டு பேருக்கும் ரீலோட் காட் பரிசு.

பிறகு வந்தது
கிழக்கு மாகாணம், தமிழ், என்று பெயரிட்ட கட்டு.

"காக்காமாருக்குக் காணி குடுத்தா
கடலும் மிஞ்சாது."

எனக்கு இந்தக் குரல் தெரியும்.
எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாட்டில்,
மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே பேசுகிற குரல்.
எனக்கு சைக்கிள் வாங்கித் தந்த
சித்தப்பாவின் குரல்.
வெறுப்பு இல்லை, என்றேன்.

"தமிழன்ட வாக்கும் வாடிக் கதவும் ஒண்டு,
காத்தடிக்கிற பக்கம் திறக்கும்."
அவளுடைய வாப்பா சிரித்துச் சிரித்துச் சொல்வாராம்.
பழமொழிதானே, என்றாள்.

அறுபத்தொன்று.

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது:
பதினொன்றும் பன்னிரண்டும் இருந்து பேசித் தீருங்கள்,
அரை மணித்தியாலம், சம்பளம் இல்லை.
முப்பது வருடமாய் எந்தக் குழுவும்
எங்களுக்கு ஒதுக்கித் தராத அரை மணித்தியாலம்.

மாடிப்படியில் இருந்தோம்.
பிளேன்டீ, ஆளுக்கொரு ரோல்ஸ்.
கொஞ்ச நேரம் ஏசியைத் திட்டினோம்.
பிறகு அவள் சொன்னாள்:
"உம்மாட காக்கா தொண்ணூறில வயலுக்குப் போனவர்.
வரல்ல."
"எங்கட மாமாவும்," என்றேன்,
"அதே வருசம். வேற சந்தி."
யார் என்று அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
ரோல்ஸில் மிளகு கூடிப்போயிருந்தது.

திரும்பிப் போய்
சித்தப்பாவின் வாக்கியத்தைத் திறந்தேன்.
சைக்கிளின் நிறம்கூட ஞாபகம் வந்தது, சிவப்பு.
வெறுப்பு, என்று அமத்தினேன்.
அடுத்த வரிசையில் அவளும்
வாடிக் கதவுக்கு முன் வெகுநேரம் இருந்தாள்.

எண்பத்தெட்டு.
நல்ல முன்னேற்றம், என்று மின்னஞ்சல்;
மிச்சத்தை மூன்றாவது ஆள் முடிவுசெய்வார்.

அந்த மிச்சத்துக்குள் ஒன்று:
"காக்காவ இண்டைக்கும் தேடுறம்."
யார் எழுதியது என்று காட்டாது.
நான் வெறுப்பு இல்லை என்றேன்.
ஹஸ்மியா தெளிவில்லை என்றாள்.
அன்றைக்கு அது அவளுக்கு இருபத்தொராவது.

திங்கட்கிழமை முடிவு வந்தது.
மூன்றாவது ஆள் எந்த நாட்டுத் தமிழோ,
எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதில்லைப் போல.
குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தார்:
பறவை. தலைப்புக்குத் தொடர்பில்லாதது. நீக்கவும்.

"உம்மாட காக்காவக் காகமாக்கிட்டான்" என்று
ஹஸ்மியா சிரிக்கத் தொடங்கினாள்.
நானும் சிரித்தேன்.
பதினாறு கணினியும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.
சிரிப்பு நின்ற பிறகும்
அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கீழே லொறியிலிருந்து டைல்ஸ் இறக்கினார்கள்.
ஒன்று உடைந்தது.
திரையில் அடுத்த வாக்கியம்.