பன்னிரண்டு வரி

காற்று வினாடிக்கு இருபத்துமூன்று மீட்டர்.
ஹெல்டெர்மா துறையில் கயிறுகள் முனகுகின்றன.
ஏழரைக் கப்பல் போகாது என்று
கட்டுப்பாட்டு அறையிலிருந்து உர்மாஸ் சொல்லி
நான்கு நிமிடம் ஆகிறது.

அறுபத்திரண்டு பேருக்குச் சொல்ல வேண்டும்.
அதற்கென்றே எழுதி வைத்த ஸ்கிரிப்ட்,
பன்னிரண்டு வரி.
பட்டியலை எடு, எண்ணைப் பார், செய்தியை அனுப்பு.
வேறொன்றும் தெரியாது அதற்கு,
தெரிய வேண்டியதும் இல்லை.

ஓடு என்றேன்.
ஓடவில்லை.
கம்பைலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
முதல் போல்டரிலிருந்து வாசிக்கத் தொடங்கியது.

கிறிஸ்துமஸ் தள்ளுபடியை வாசித்தது.
இது அக்டோபர்.
கப்பல் உணவகத்தின் ஹெர்ரிங் விலையை வாசித்தது.
லாரியின் நீளத்தை, நாய்க்கான சீட்டை,
எவரோ பரிசோதனைக்கு எழுதி
'பிறகு அழிக்கவும்' என்று விட்டுப்போன கோப்பை
கடைசிப் புள்ளிவரை வாசித்தது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இதுவோ
ஒரு சோறு கேட்டவளை உட்காரவைத்துவிட்டுப்
பானை முழுவதையும் பருக்கை பருக்கையாய் நசுக்கிப் பார்க்கிறது.

நானூற்றுப் பதினேழாவது கோப்பில் நின்றது.
சிவப்பு எழுத்து:
பனிப்பாதைச் சுங்கம், வரி எண்பத்தெட்டு.
தடிமன் இங்கே எண்ணாக இருக்க வேண்டும்,
ஒன்றுமே வராமலும் போகலாம்.

பனிப்பாதை!
கடல் உறைந்து, கார் தாங்கும் அளவுக்கு இறுகினால்
தீவுக்கும் கரைக்கும் நடுவே திறக்கும் சாலை.
வில்லு எழுதியது.
அவன் வேலையை விட்டு தார்த்துவுக்குப் போய் இரண்டு வருடம்.
கடல் உறைந்து ஆறு வருடம்.
நேற்று ஏதோ நூலகத்தைப் புதுப்பித்தோம்,
உறங்கிய பிழை விழித்துக்கொண்டது.
அதற்கும் என் பன்னிரண்டு வரிக்கும்
அரைப்புள்ளி உறவுகூட இல்லை.

வகையே பார்க்காதே என்று சொல்ல ஒரு வழி உண்டு.
கை அதற்குத்தான் போனது.
சென்ற மார்ச்சில் அப்படி ஓட்டித்தான்
தொலைபேசி எண்ணை வெறும் எண்ணென்று நம்பி
முன்னால் நின்ற கூட்டல் குறி உதிர்ந்து
ஒரு செய்தியும் கரை சேரவில்லை.
கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவது வேறு,
போகிற வழியை மட்டும் பார்த்து ஓடுவது வேறு.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
இரண்டு நட்சத்திரக் குறிகள்:
இதற்குக் கீழே இருப்பதெல்லாம் வா.
யார் வைத்தது என்று வரலாற்றைப் புரட்டினேன்.
நான்தான்.
மொத்தமே ஆறு கோப்பாக இருந்த முதல் வாரத்தில்.

தேர் என்றால் ஊர் கூடட்டும்.
தாழ்ப்பாள் விலக்க ஒரு விரல் போதும்.
ஸ்கிரிப்டுக்கென்று தனியாக ஒரு சின்ன அமைப்பு எழுதினேன்:
இந்த ஒன்று,
இது பெயர் சொல்லிக் கூப்பிடுபவை,
அவை கூப்பிடுபவை.
அதோடு நிறுத்து.

மூன்றே கோப்பு வந்தன.
கம்பைலர் முறைத்தது, வகை சரி என்றது,
வழி விட்டது.
ஜன்னலில் அறைந்த மழை
வழிந்து கீழே இறங்குவதற்குள்
அறுபத்திரண்டும் போய்விட்டன.

முதல் பதில், வைகே என்ற பெயரில்:
"நல்லவேளை. வண்டியில் பதினோரு செம்மறி.
பாதி வழியில் திருப்புகிறேன்."

இவ்வளவு நேரமா, பன்னிரண்டு வரிதானே என்றார் உர்மாஸ்.
ஆமாம் என்றேன்.

நள்ளிரவில் எப்படியும்
நானூற்றுச் சொச்சமும் வரிசையில் நின்று பரிசோதனைக்குப் போகும்.
அது அதற்கான நேரம்.
வில்லுவின் சிவப்பு வரி அங்கே எரியும்.
அழித்துவிடலாம்தான்.
கோப்பின் பெயர்மேல் சுட்டியை வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெளியே கடல்
உறைகிற குணமே இல்லாமல் புரண்டது.

தடிமன் தெரியாவிட்டால் பூஜ்ஜியம் என்று வை,
பூஜ்ஜியம் என்றால் பாதையைத் திறக்காதே
என்று ஒரு வரி சேர்த்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.